கதை, வரலாறு, ஐதிகம்: சிறுவர் சமய நூல்களின் வகைப்பாடும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

0. முன்னுரை

கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கியதையோ, மோசே கடலைப் பிளந்து வழி அமைத்ததையோ, நபி இப்ராஹீம் நெருப்பினின்று காக்கப்பட்டதையோ சிறுவர்க்கு எடுத்துரைக்கும் ஒரு நூல் புனைவா, புனைவு அல்லாததா? சிறுவர் நூலகத்தில் நூல்களை அடுக்குவோரும், பதிப்பகப் பட்டியல்களைத் தொகுப்போரும், மொழிபெயர்ப்பு நூலுக்குப் பொருட்குறியீடு வழங்குவோரும் இவ்வினாவுக்கு நாள்தோறும் விடை கூறியாக வேண்டியுள்ளது. பெரியவர்க்குரிய நூல்களில் இவ்வினா அவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. சமயநூல் என்னும் தனிப்பிரிவு அங்கே நூலை ஏற்றுக்கொள்கிறது. சிறுவர் பகுதியிலோ முதற்பிரிவே கதை நூல், அறிவு நூல் என அமைவதால் சமயக் கதைநூல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இச்சிக்கலை நூலகத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே காண்பது வழக்கம். அடிப்படையில் இது மொழிச்சிக்கலும் ஆகும். ஒரு கூற்றினை மொழி எவ்வகை உறுதியோடு முன்வைக்கிறது, அவ்வுறுதியை மொழிபெயர்ப்பு எவ்வாறு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பனவற்றை நோக்காமல் இதற்கு விடை காண இயலாது. இக்கட்டுரை இக்கோணத்திலிருந்து நடைமுறையிலுள்ள வகைப்பாடுகளை மதிப்பிடுகிறது.

1. பகுப்பு முறைகள் கூறுவதும் கூறாததும்

டியூயி பதின்மப் பகுப்பு 1876இல் வெளிவந்தது. அதில் 'புனைவு அல்லாதது' என்னும் வகுப்பே இல்லை என்பது முதலில் கருதத்தக்கது. அறிவுத்துறைகள் பத்து வகுப்புகளாகப் பகுக்கப்படுகின்றன. இலக்கியம் 800இலும் சமயம் 200இலும் அமைகின்றன. நாவல்களைத் தனி அடுக்கில் வைத்து, எண் இடப்பட்ட ஏனைய யாவற்றையும் 'புனைவு அல்லாதவை' என வழங்கியது பொது நூலகங்களின் நடைமுறை. இதன் விளைவாகத் தேவதைக் கதைகளும் விலங்குக் கதைகளும் நாட்டார் இலக்கியத்துக்குரிய 398.2 என்னும் எண்ணைப் பெற்று, 'புனைவு அல்லாத' அடுக்கில் நிற்கின்றன. பேசும் நரியைப் பற்றிய நூல் அவ்வடுக்கில் இருப்பதால் நரி பேசியது உண்மை என எவரும் கொள்வதில்லை. எனவே எண் பெற்ற நூல் உண்மை உரைக்கும் நூல் என்னும் கருத்து, பகுப்பு முறையின் கருத்தன்று. அடுக்கின் பெயர்ப்பலகை தந்த கருத்தாகும்.

இப்பகுப்பில் விவிலியக் கதைகளின் மறுகூறல் 220.9505 என்னும் எண்ணையும், இராமாயணம் 294.5922 என்னும் எண்ணையும், மகாபாரதம் 294.5923 என்னும் எண்ணையும் பெறுகின்றன. கிரேக்க, உரோமானியத் தெய்வக் கதைகள் 292இல் அமைகின்றன. வழிபடுவோர் மிகுந்த சமயத்தின் கதைகளும், வழிபாடு ஏறத்தாழ மறைந்த சமயத்தின் கதைகளும் ஒரே வகுப்பில் நிற்கின்றன. ஆகவே 200 என்னும் வகுப்பு நம்பிக்கைக்குச் சான்று வழங்குவதில்லை. பொருளை மட்டுமே சுட்டுகிறது. எனினும் 220 முதல் 280 வரையுள்ள பிரிவுகளைக் கிறித்தவத்துக்கு வழங்கி, ஏனைய சமயங்களை 290க்குள் அடக்கிய அதன் இடப்பங்கீடு நெடுங்காலமாகக் குறைகூறப்பட்டு வருவதையும் மறத்தற்கில்லை.

சீயாழி இராமாமிர்த இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. அதில் இலக்கியம் ஒரு முதன்மை வகுப்பு, சமயம் மற்றொன்று. சமய வகுப்பினுள் வைதிக இந்து சமயம், பிற்கால இந்து சமயம், சமணம், பௌத்தம், யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகியன இணையான இடங்களைப் பெறுகின்றன. தொன்மம், மறைநூல், இறையியல் போன்றவை எந்தச் சமயத்துக்கும் பொருந்தும் முகங்களாக அதன்பின் சேர்கின்றன. தொன்மத்தை ஒரு சமயத்துக்கும் மறைநூலை மற்றொன்றுக்கும் ஒதுக்காமல், இரண்டையும் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாக்கிய இந்த அமைப்பு, நடுநிலைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

இருமைப் பிரிவை வற்புறுத்துவன பகுப்பு எண்களைவிடப் பட்டியற் குறிகளும் வணிகக் குறியீடுகளுமே. மார்க் 21 என்னும் கணினிப் பதிவமைப்பில் நூல்களுக்கான 008ஆம் புலத்தின் 33ஆம் இடம் இலக்கிய வடிவத்துக்கு உரியது. அங்கே சுழியம் இட்டால் புனைவன்று. ஒன்று இட்டால் புனைவு. கலப்பு வடிவத்துக்கும் அறியப்படாத வடிவத்துக்கும் தனிக்குறிகள் உள்ளன. ஆனால் வழிவழி வந்த சமயக் கதைக்கு எனத் தனிக்குறி இல்லை. அமெரிக்கப் புத்தக வணிகத்தில் வழங்கும் பைசாக் குறியீடு, சிறுவர் புனைவு, சிறுவர் புனைவல்லாதவை என முதலிலேயே பிரிந்துவிடுகிறது. இதில் 'விவிலியக் கதைகள்' புனைவல்லாதவற்றின்கீழ் இடம்பெறுவது நோக்கத்தக்கது. பெயரில் 'கதை' என்றும் வகையில் 'புனைவன்று' என்றும் ஒரே தலைப்புக் கூறுகிறது. இதில் முரண் இல்லை என ஏற்போர், பாகவதக் கதைக்கும் சாதகக் கதைக்கும் அதே அளவுகோலை நீட்டுகின்றனரா என்பதே வினா. ஒரு சமயத்தின் கதைகளை அறிவு நூல் அடுக்கிலும் மற்றொரு சமயத்தின் கதைகளைக் கற்பனை அடுக்கிலும் வைக்கும் பொது நூலகம், தான் அறியாமலே சிறுவர்க்கு ஒரு சமயத் தீர்ப்பை வழங்கிவிடுகிறது. பல சமயத்தாரும் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தும் இந்தியச் சூழலில் இது சிறு பிழையன்று.

2. தமிழ்ச் சொற்கள்

'புனைவு', 'அல்புனைவு' என்பன இன்றைய தமிழ்த் திறனாய்வில் வழங்கினும் மரபு வழிவந்த எதிர்ச்சொல் இணை அன்று. ஒன்றின் இன்மையால் மற்றொன்றைப் பெயரிடும் முறை ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. தமிழில் இயல்பாக வழங்கும் இணை கதையும் கட்டுரையுமாம். இது வடிவம் பற்றிய பிரிவேயன்றி உண்மை பற்றிய பிரிவன்று. 'கதை விடாதே' என்னும்போது கதை பொய்யாகிறது. 'என் கதையைக் கேள்' என்னும்போது வாழ்க்கையாகிறது. யாழ்ப்பாணத் தமிழில் 'கதைத்தல்' வெறும் பேசுதலே. எனவே நூல்தலைப்பில் 'கதை' என்னும் சொல் இருப்பதை மட்டும் கொண்டு அது புனைவு எனத் துணிவது பிழையாகும்.

'வரலாறு' என்னும் சொல்லும் இவ்வாறே. கோயில்களில் விற்கப்படும் சிறு வெளியீடுகள் 'தல வரலாறு' எனப் பெயர் பெறுகின்றன. அவற்றுள் இருப்பது பெரும்பாலும் தலபுராணச் செய்தி. வந்த வழி என்னும் சொற்பொருளின்படி இத்தலைப்புச் சரியானதே. ஆனால் ஆங்கிலத்தில் சரித்திரத்தைக் குறிக்கும் சொல்லால் இதனைப் பெயர்த்தால், மூலம் கூறாத உறுதிப்பாடு ஒன்று புதிதாக நுழைகிறது. மறுதலையாகத் 'தொன்மம்' என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தால், அச்சொல்லின் அன்றாட வழக்கிலுள்ள 'பொய்' என்னும் பொருள் உடன்வருகிறது. 'நபிமார்கள் வரலாறு' என்னும் தலைப்பை நேர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதே இடர் உண்டு.

நூல்வகைப் பெயர்கள் பல, தம்முள்ளேயே ஓர் உண்மைக்கூற்றை அடக்கியுள்ளன. 'இதிகாசம்' என்பதன் வடமொழிப் பிரிப்பு 'இவ்வாறே இருந்தது' எனப் பொருள்படும். குருநானக்கின் வாழ்வைக் கூறும் 'ஜனம்சாகி' நூல்களின் பெயரிலுள்ள 'சாகி' சாட்சி என்னும் சொல்லின் திரிபு. உமறுப் புலவரின் சீறாப்புராணம், வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லையும் 'புராணம்' என்னும் வடசொல்லையும் ஒரே தலைப்பில் இணைத்துக்கொண்டது. இப்பெயர்களைக் 'கதைகள்' என்னும் ஒரே சொல்லாக மாற்றும் சிறுவர் பதிப்பு, வாசிப்பு எளிமையைப் பெறுகிறது. நூல் தன்னைப் பற்றிக் கூறிக்கொண்டதை இழக்கிறது.

3. வினைமுற்றும் வகைப்பாடும்

வகைப்பாட்டின் மிக நுண்ணிய சான்று தமிழில் வினைமுற்றிலேயே கிடைக்கிறது. பின்வரும் மூன்று தொடர்களை ஒப்புநோக்கலாம்:

அ. இராமன் காட்டுக்குச் சென்றான்.
ஆ. இராமர் காட்டுக்குச் சென்றார்.
இ. இராமர் காட்டுக்குச் சென்றாராம்.

முதல் தொடர் காப்பிய வழக்கைப் பின்பற்றுகிறது. இரண்டாவது வழிபாட்டு மதிப்பைப் புலப்படுத்துகிறது. மூன்றாவது, சொல்பவர் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார் என அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே தொடராக அமையும். எனவே ஆங்கிலச் சிறுவர் நூல் ஒன்றைத் தமிழாக்குவோர், ஒவ்வொரு முற்றிலும் ஒரு விகுதியைத் தெரிந்துகொள்ளும்போதே, அந்நூல் இலக்கியமா, வழிபாட்டு நூலா, கேட்ட கதையா என்பதையும் முடிவு செய்துவிடுகின்றனர். பட்டியலாளர் பின்னர் இடும் குறி, முதலில் விகுதியில் இடப்பட்டுவிட்டது எனலாம்.

இவ்விடத்து இரு எச்சரிக்கைகள் வேண்டும். ஒருமை விகுதி நம்பிக்கையின்மைக்கு அடையாளம் அன்று. ஆழ்வாரும் நாயன்மாரும் இறைவனை 'அவன்' என்றே பாடினர். அந்த ஒருமை அணுக்கத்தால் வந்தது. அவ்வாறே '-ஆம்' என்னும் இடைச்சொல் ஐயத்தையோ பொய்யையோ குறிப்பதாகக் கொள்வதும் தவறு. கண்ணன் வெண்ணெய் திருடினானாம் எனப் பேரனுக்குச் சொல்லும் பாட்டி, கண்ணனை வணங்குபவளே. தான் கண்டதில்லை, கேட்டதுண்டு என்பதையே அவள் இலக்கணம் கூறுகிறது. அச்செய்தியின் உண்மைக்கு அவள் சாட்சி நிற்கவில்லை. அது தன்னை வந்தடைந்த வழிக்கே சாட்சி நிற்கிறாள். புனைவு, புனைவல்லாதது என்னும் இரண்டில் எதுவும் அவள் கூற்றுக்குப் பொருந்தவில்லை.

அச்சேறிய சிறுவர் நூல்களில் இந்த '-ஆம்' பெரிதும் மறைந்துவிடுகிறது. எழுத்து நடை நேர்முற்றையே விரும்புவது இதற்கு ஒரு காரணம். பாட்டியின் 'திருடினானாம்', நூலில் 'திருடினான்' என ஆகும்போது கேள்விச் செய்தி நேர்க்கூற்றாகிறது. ஒரே நிகழ்ச்சி பல இராமாயணங்களில் பலவாறு கூறப்படும் நிலையில், அவற்றுள் ஒன்றை மட்டும் நேர்க்கூற்றாகப் படிக்கும் சிறுவர், வேறொரு வடிவத்தைப் பின்னர்க் கேட்கும்போது அதனைத் திரிபு எனக் கருத நேர்கிறது. '-ஆம்' என்னும் ஓரசையோடு நீங்குவது, வேறு வடிவங்கள் உண்டு என்னும் அறிவுமாகும்.

4. எடுத்துக்காட்டுகள்

4.1. குரங்கும் முதலையும். குரங்கின் இதயத்தைத் தின்ன விரும்பிய மனைவிக்காக முதலை ஒன்று குரங்கை ஏமாற்றி ஆற்றில் சுமந்து செல்கிறது. இதயத்தை மரத்திலேயே விட்டுவந்ததாகக் கூறிக் குரங்கு தப்புகிறது. இக்கதை பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் சட்டகக் கதையாக உள்ளது. பாலி மொழிச் சாதகத் தொகுப்பில் 208ஆவதான சும்சுமார சாதகமும் இதுவே. பஞ்சதந்திரப் பதிப்பு நாட்டார் கதை என 398.2ஐயோ சமஸ்கிருத இலக்கியம் என 891.2ஐயோ பெறும், சாதகப் பதிப்பு பௌத்தத்துக்குரிய 294.3ஐப் பெறும். கதை நிகழ்ச்சி ஒன்றாக இருக்க வேறுபாடு எங்குள்ளது? சாதகத்தின் இறுதியிலுள்ள 'சமோதானம்' என்னும் இணைப்புப் பகுதியில் உள்ளது. அதில் புத்தர் அம்முதலையே தேவதத்தன் என்றும், அம்முதலையின் மனைவியே சிஞ்சா என்றும், அக்குரங்கே தாம் என்றும் அடையாளம் காட்டுகிறார். விலங்குக் கதையைச் சமயக் கூற்றாக மாற்றுவது இப்பகுதியே. சிறுவர் பதிப்புகளில் 'சிறுவர்க்குப் புரியாது' என முதலில் நீக்கப்படுவதும் பெரும்பாலும் இதுவாகவே உள்ளது. இணைப்பை நீக்கியபின்னும் அட்டையில் 'புத்த சாதகக் கதைகள்' என்று பொறித்தால், பெயர் சமய நூலாகவும் பனுவல் நீதிக்கதையாகவும் அமைகின்றன. சுருக்குவோரின் ஒரு நீக்கம் நூலின் வகையையே மாற்றுகிறது.

4.2. நல்ல சமாரியன். இது லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. நற்செய்தி நூலின்படி இயேசு இதனைக் கூறியது நிகழ்ச்சி. அவர் கூறியதோ விளக்கத்துக்கான கதை. சமய நூலுக்குள் ஒரு புனைவு அமர்ந்துள்ளது. 'உவமை' என்னும் சொல் அந்த இடத்தில் மூலத்தில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. வினவிய சட்ட அறிஞருக்குக் கூறப்பட்ட விடை என்னும் சட்டகமே அதனை உவமையாக உணர்த்துகிறது. சிறுவர் படநூல், வினவியவரை நீக்கி, வழிப்போக்கனிலிருந்து தொடங்கினால், உவமை நடந்த நிகழ்ச்சியாகத் தோற்றம் பெறும். இங்கு இழப்பு நேர்வது நம்பாதவர்க்கன்று, நம்புவோர்க்கே. உவமையை உவமையாக அறிவது அச்சமயத்தின் கல்வியிலேயே ஒரு பகுதி.

4.3. சக்கரவர்த்தித் திருமகன். கல்கி இதழில் தொடராக வந்த இராஜாஜியின் இந்நூல், சிறுவரும் படிக்கத்தக்க எளிய உரைநடையில் அமைந்தது. 1958ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது தமிழில் இந்நூலுக்கு வழங்கப்பட்டது. பரிசளித்த நிறுவனம் அதனை இலக்கியமாகக் கண்டது. பகுப்பு முறை அதனைச் சமய வகுப்பின் 294.5922க்கு ஈர்க்கிறது. இரண்டும் பிழையல்ல. ஒரே பனுவல் இலக்கியமாகவும் சமய நூலாகவும் இயங்க இயலும் என்பதை இது காட்டுகிறது. ஆயின் இரண்டில் எதுவும் அதனை நாவல் என்றோ சரித்திரம் என்றோ கூறவில்லை என்பதே இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது.

5. மரபில் உள்ள மூன்றாம் வகை

இருமைக்கு அப்பாற்பட்ட வகையொன்றைப் புதிதாகப் படைக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியம் அகப்பாடலைப் பற்றிக் கூறுகையில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சுட்டி, அவற்றின்மேல் எழுவதைப் புலனெறி வழக்கம் என்கிறது. சுவைபட வருவன யாவும் ஓரிடத்து வந்தனவாகத் தொகுத்துக் கூறுதலை நாடக வழக்கு என இளம்பூரணர் விளக்குவர். அதாவது புனைவும் உலகியலும் எதிரெதிர் அறைகள் அல்ல. ஒரே செய்யுளுக்குள் கலந்து நிற்கும் கூறுகள்.

இன்னும் நேரான சான்று மணிமேகலையில் உண்டு. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை அறிவுக்குரிய அளவைகளை எண்ணுகையில், காட்சி, கருதல் முதலியவற்றோடு 'ஐதிகம்' என்பதையும் ஓர் அளவையாகக் குறிக்கிறது. ஒரு மரத்தில் பேய் உண்டு என்னும் ஊருரையை ஏற்றுத் தெளிவது அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டு. அவ்வளவை எத்துணை வலிமையுடையது என்பதில் சமயங்கள் வேறுபடலாம். எனினும் கண்டதும் அன்று, கட்டியதும் அன்று, வழிவழிக் கேட்டது என்னும் ஒரு வகையைத் தமிழ் அளவை மரபு பெயரிட்டு அறிந்திருந்தது என்பது தெளிவு. பாட்டியின் '-ஆம்' இந்த அளவையின் இலக்கண வடிவமே.

இதனைக் கொண்டு சிறுவர் சமய நூல்களை மூன்றாகப் பகுக்கலாம்.

(அ) தகவல் நூல்: பண்டிகை, வழிபாடு, திருத்தலம், சமயத் தலைவர்களின் ஆவணச் சான்றுள்ள வாழ்க்கை ஆகியவற்றை விளக்குவது. நோன்பு எவ்வாறு நோற்கப்படுகிறது என விளக்கும் நூலைச் சரிபார்க்க இயலும். பிழை இருப்பின் திருத்த இயலும்.

(ஆ) ஐதிக நூல்: சமூகம் ஒன்று வழிவழியாகப் பேணும் சமயக் கதையை மறுகூறுவது. இதன் அளவுகோல் நடந்ததா என்பதன்று. எம்மரபிலிருந்து, எந்நூலிலிருந்து பெறப்பட்டது என்பதே.

(இ) புனைவு நூல்: ஆசிரியர் தாமே படைத்த மாந்தரையும் நிகழ்ச்சியையும் கொண்டு சமயச் சூழலையோ கருத்தையோ உணர்த்துவது. தீபாவளிக்கு ஊர் செல்லும் சிறுமியின் கற்பனைக் கதை இதில் அடங்கும். இயேசு பிறந்த தொழுவத்து ஆட்டுக்குட்டி தன் வாய்மொழியாகக் கூறுவதாக எழுதப்பட்ட நூலும் இதிலேயே அடங்கும். நிகழ்ச்சி மரபுக்குரியதேனும், கூறுவோனாகிய ஆட்டுக்குட்டி ஆசிரியரின் படைப்பு.

மூன்றாம் வகை ஒன்றை அமைப்பது முடிவெடுக்க அஞ்சுவோர்க்குப் புகலிடமாகும் என ஒரு மறுப்பு எழக்கூடும். உண்மையில் இவ்வகை பட்டியலாளரின் பணியைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை. ஐதிக நூல் எனக் குறிப்பதற்கு மூலமரபைக் கண்டறிய வேண்டும். மூலம் கூறாத மறுகூறல் அவ்வகையில் சேராது. நூலகத்தில் இரண்டு அடுக்குகளே உள்ளன என்பது மற்றொரு மறுப்பு. தேவதைக் கதைகளை நாவல்களோடு சேர்க்காமல் 398.2இல் நிறுத்தும் நூலகங்கள் மூன்றாம் இடம் ஒன்றை ஏற்கெனவே நடைமுறையில் வைத்துள்ளன. அவ்விடத்துக்குப் பெயர்ப்பலகை மட்டுமே இல்லை.

6. முடிவுரை

சிறுவர் சமய நூலின் வகை, அதன் நிகழ்ச்சிகள் நம்பத்தக்கனவா என்பதைக் கொண்டு முடிவு செய்யத்தக்கதன்று. அவ்வாறு முடிவு செய்ய நூலகருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ உரிமையில்லை, தேவையும் இல்லை. நூல் தன் கூற்றுக்கு யாரைப் பொறுப்பாக்குகிறது என்பதே வகைப்பாட்டின் அடிப்படையாதல் வேண்டும். தகவல் நூலில் சான்றும், ஐதிக நூலில் மரபும், புனைவு நூலில் ஆசிரியரும் பொறுப்பேற்கின்றனர். எச்சமயத்தின் நூலாயினும் இந்த ஒரே வினாவுக்கு உட்படுமானால் நடுநிலை தானே அமையும்.

மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன நான்கு. மூலத்தின் நூல்வகைப் பெயரைக் 'கதை' எனப் பொதுமைப்படுத்தாமல் இயன்றவரை காத்தல். உவமைக்கும் சாதகத்துக்கும் உள்ள சட்டகத்தை, சுருக்கமாகவேனும், நீக்காது கொணர்தல். மதிப்பு விகுதியில் ஒரு நெறியைத் தெரிந்து நூல் முழுவதும் பின்பற்றுதல். 'இன்ன நூலைத் தழுவி மறுகூறப்பட்டது' என்னும் குறிப்பைத் தலைப்புப் பக்கத்தில் தருதல். இவற்றோடு, தொடக்கத்திலேனும் ஓரிடத்தில் 'என்பர்' என்றோ '-ஆம்' என்றோ வருமானால், கேட்ட செய்தியைக் கேட்ட செய்தியாகவே சிறுவர் பெறுவர். அவர்களுள் சிலர் பின்னாளில் அதனை நம்பலாம், சிலர் ஆராயலாம், சிலர் வேறொரு வடிவத்தைத் தேடிச் செல்லலாம். அம்மூன்று வழிகளையும் திறந்து வைப்பதே வகைப்பாட்டின் பணி.